முதுகெலும்பு டிபி, டி8–டி9 (நெஞ்சுப்பகுதியின் 8, 9ஆம் முள்ளெலும்புகள்): கால் பலம் குறைகிறது. உடனே ஆபரேஷனா, மாத்திரையோடு காத்திருக்கலாமா?

ஆர்த்தோ_பிஜி கேட்டது:

34 வயது பெண், எடை 48 கிலோ. மூன்று மாதமாக நடுமுதுகில் வலி, ராத்திரியில் கூடுகிறது. சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு உண்டு. எம்ஆர்ஐயில் டி8, டி9 இரண்டும் அரித்திருக்கின்றன, நடுவிலுள்ள டிஸ்க் கரைந்துவிட்டது. சீழ் முன்பக்கமிருந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. கால்களில் பலம் 4/5 (5 என்றால் முழு பலம்), முழங்கால் ரிஃப்ளெக்ஸ் அதிகம், பாபின்ஸ்கி (உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போவது, தண்டுவடம் பாதித்ததன் அறிகுறி) பாசிட்டிவ். கைத்தாங்கலாக நடக்கிறார். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. கூனல் 24 டிகிரி.

வெளியே ஓரிடத்தில் லேமினெக்டமி (முள்ளெலும்பின் பின்வளைவை வெட்டி எடுப்பது) மட்டும் செய்து அழுத்தத்தை எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் மாத்திரையே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எடுத்த பயாப்சியை மொத்தமாக ஃபார்மலினில் போட்டதால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கிடையாது, ரிப்போர்ட்டில் கிரானுலோமா (டிபியிலும் வேறு சில நோய்களிலும் வரும் அழற்சித் திரள்) என்று மட்டும் வந்திருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

முதுகுத்தண்டு_கோவை:

முதலில் லேமினெக்டமியை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். நோய் முன்பக்கம் இருக்கிறது. முன்தூண் ஏற்கெனவே இடிந்த நிலையில் உடம்பைத் தாங்கிக்கொண்டிருப்பது பின்பக்க எலும்பும் லிகமெண்டும்தான். அதையும் வெட்டி எடுத்தால் முதுகு முன்னால் மடியும், தண்டுவடம் அந்த மடிப்பின் மேல் இழுபடும், அழுத்தமோ முன்னால் அப்படியே இருக்கும். நடந்து வந்தவர் படுத்தபடுக்கையாவது இப்படித்தான். சீழ் எபிட்யூரல் பகுதியில் (தண்டுவட உறைக்கு வெளியே) பின்பக்கமாகவே இருந்தாலோ, நோய் பின்வளைவிலேயே இருந்தாலோ மட்டும்தான் தனி லேமினெக்டமிக்கு இடம் உண்டு.

அடுத்தது பயாப்சி. திரும்ப எடுங்கள். சிடி உதவியோடு பெடிக்கிள் (முள்ளெலும்பின் உடலைப் பின்வளைவோடு இணைக்கும் தண்டு) வழியாக 11 கேஜ் ஊசி போதும். எடுத்ததை அங்கேயே பிரியுங்கள்: மலட்டு சலைனில் சிபிநாட்டுக்கு (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) ஒன்று, திரவக் கல்ச்சருக்கு ஒன்று, சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்கு ஒன்று, ஃபார்மலினில் ஹிஸ்டோபெதாலஜிக்கு (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) ஒன்று. ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது. சிபிநாட் சுமார் இரண்டு மணி நேரத்தில், டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படாத நிலை (எதிர்ப்பு) இருக்கிறதா என்று சொல்லிவிடும். எலும்பில் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால் சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், கல்ச்சருக்கு 42 நாள் வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பு டிபியைத் தெரியாமல் சாதாரண மருந்து கொடுத்துக்கொண்டே ஸ்க்ரூ போட்டால் ஆபரேஷன் நன்றாக நடந்தும் நோயாளி தோற்றுப்போவார்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. நோயைக் குணமாக்குவது மருந்துதான். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய சென்னை ஆய்வில், நடமாடும் நிலையிலேயே 6 அல்லது 9 மாதம் ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் மட்டும் எடுத்தவர்களை, ஹாங்காங் முறைப்படி நோயுற்ற எலும்பை முழுதாக வெட்டிக் கிராஃப்ட் (ஒட்டு எலும்பு) வைத்து மருந்தும் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களும் நன்றாகவே குணமானார்கள். ஆனால் கால் செயலிழப்பு கடுமையாக இருந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அதனால் ஆபரேஷனுக்கு நாம் தேட வேண்டிய காரணம் மூன்றுதான்: நரம்பு, நிலைப்பு, கூனல்.

நரம்புக்கு எம்ஆர்ஐயை இன்னொரு தடவை பாருங்கள். அழுத்துவது சீழும் கிரானுலேஷனும் (அழற்சித் திசு) என்றால் மருந்துக்கு இறங்கும். எலும்புத் துண்டோ, செத்த டிஸ்க்கோ, சீழே இல்லாமல் நசுங்கிய காய்ந்த நிலையோ என்றால் மருந்தால் அது கரையாது, ஆபரேஷன்தான். பலம் 3க்குக் கீழே போனாலும், சில நாட்களுக்குள் வேகமாகச் சரிந்தாலும், சிறுநீர் நின்றாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் நோயாளி இப்போது சொல்லும் நிலையில் மருந்து தொடங்கி, 3 முதல் 4 வாரம் நெருக்கமாகக் கவனிக்கலாம். தினமும் ஒரே ஆள் பலத்தைச் சார்ட்டில் எழுத வேண்டும். முன்னேற்றமே இல்லாவிட்டாலோ, நடுவில் ஒரு கிரேடு குறைந்தாலோ ஆபரேஷன்.

முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ எடுத்தீர்களா? தள்ளி இன்னொரு இடத்திலும் நோய் இருப்பது அரிதல்ல.

வார்டு_ரெஜிஸ்ட்ரார்:

கூனலுக்குக் கணக்கு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் தந்த சூத்திரம்: Y = 5.5 + 30.5X. Y என்பது கடைசியில் வரும் கூனல் கோணம். X என்பது, ஒரு முள்ளெலும்பின் முழு உயரம் 1 என்று வைத்து, எல்லா முள்ளெலும்பிலும் போன உயரத்தின் கூட்டு. டி8இல் 0.3, டி9இல் 0.5 போயிருந்தால் X = 0.8, நோய் ஆறும்போது கோணம் ஏறத்தாழ 30 டிகிரி. இதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. X 1.5 என்றால் 51 டிகிரி வரும், அப்போது பேச்சே வேறு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பையும் பத்துப் பங்காகப் பிரித்து அளந்துவிடுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இது போதாது. நோய் ஆறின பிறகும் வளர வளரக் கூனல் கூடலாம். ஃபேசட் மூட்டு (முள்ளெலும்புகளைப் பின்னால் இணைப்பது) விலகுவது, முள்ளெலும்பு பின்னால் தள்ளப்படுவது, பக்கவாட்டில் நகர்வது, மேல் முள்ளெலும்பு கவிழ்வது ஆகிய நான்கில் இரண்டுக்கு மேல் தெரிந்தால் அந்த முதுகு ஆபத்தில் இருக்கிறது. மருந்து முடிந்துவிட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி அனுப்பிவிடாமல், வளர்ச்சி முடியும்வரை வரவழைக்க வேண்டும்.

ஆர்த்தோ_பிஜி:

நன்றி சார். ஒருவேளை ஆபரேஷன் என்றால் டி8–டி9க்கு எப்படிப் போவீர்கள்? நெஞ்சைத் திறந்தா, பின்வழியாகவா?

முதுகுத்தண்டு_கோவை:

பின்வழியாகவே முடிக்கலாம், நுரையீரலைத் தொந்தரவு செய்யாமல். டி6, டி7, டி10, டி11 நான்கிலும் பெடிக்கிள் ஸ்க்ரூ, மொத்தம் எட்டு. நம்மூர்ப் பெண்களுக்கு டி6, டி7 பெடிக்கிள் ஒடுக்கமாக இருக்கும், முந்தின நாளே சிடியில் அளந்து வையுங்கள். அங்கே பெரும்பாலும் 4.5 மி.மீ. தடிமன்தான் கொள்ளும். குப்புறப் படுக்கவைக்கும்போது வயிறு அழுந்தாமல் தொங்கட்டும், எபிட்யூரல் ரத்தக்கசிவு பாதியாகக் குறையும். சராசரி ரத்த அழுத்தம் 85க்குக் கீழே போகக்கூடாது என்று மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் போட்டபின் ஒரு பக்கம் அவற்றை இணைக்கும் தற்காலிக ராடை (உலோகக் கம்பி) பூட்டிய பிறகுதான் எலும்பில் கை வைக்க வேண்டும். இதைத் தாண்டிப்போனால் முன்தூணை எடுத்த நொடியில் முதுகு நழுவி, தண்டுவடம் கத்தரித்ததுபோல் மாட்டிக்கொள்ளும். மறுபக்கம் விலா எலும்பின் உட்பகுதி சுமார் 5 செ.மீ.யும் டிரான்ஸ்வர்ஸ் பிராசஸும் (முள்ளெலும்பின் பக்க நீட்சி) எடுத்தால் சீழுக்கு வழி திறக்கும். தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி பெரும்பாலும் இடப்பக்கம் டி9க்கும் டி12க்கும் நடுவே நுழைகிறது. ஆகவே சீழ் இடப்பக்கம் அதிகமில்லை என்றால் வலப்பக்கமே நல்லது. நெஞ்சுப்பகுதி நரம்பு வேரை வெட்ட வேண்டியிருந்தால் முதலில் கிளிப் போட்டுச் சில நிமிடம் நியூரோமானிட்டரை (நரம்புச் சமிக்ஞை காட்டும் கருவி) பாருங்கள்.

சீழ், செத்த எலும்பு, டிஸ்க் துண்டு, இவ்வளவுதான் வெளியே வர வேண்டும். ரத்தம் கசியும் எலும்பு தென்பட்டதும் நிறுத்துங்கள். எம்ஆர்ஐயில் நிறம் மாறிய எல்லாம் செத்த எலும்பு என்று சுரண்டினால் கேஜ் (எலும்பு எடுத்த இடத்தில் வைக்கும் உலோகக் கூடு) உட்கார இடம் இருக்காது. எடுத்த விலாவையே நறுக்கி டைட்டானியம் கேஜில் நிரப்பலாம். ஸ்க்ரூ இல்லாமல் வெறும் கிராஃப்ட் இரண்டு டிஸ்க் இடைவெளிக்கு மேல் நீண்டால் நழுவும், உடையும், கரையும். சீழ் உள்ள இடத்தில் உலோகமா என்று தயங்க வேண்டாம், டிபி கிருமி உலோகத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரி படலம் கட்டுவதில்லை. மூடுமுன் சலைன் நிரப்பி, மயக்க டாக்டரிடம் மூச்சைத் தள்ளச் சொல்லுங்கள், குமிழி வந்தால் ப்ளூரா (நுரையீரல் உறை) கிழிந்திருக்கிறது, ஐசிடி (நெஞ்சு வடிகுழாய்) வைத்துவிடுங்கள்.

காசநோய்_பிரிவு:

மருந்தின் அளவும் காலமும் பற்றி யாரும் சொல்லவில்லை. 48 கிலோவுக்கு நான்கு மருந்து (ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால்) சேர்ந்த கூட்டு மாத்திரை தினம் 3, இரண்டு மாதம். பிறகு பைரசினமைடு இல்லாமல் பத்து மாதம். தேவைப்பட்டால் 18 மாதம் வரை நீட்டலாம். பைரிடாக்சின் (வைட்டமின் பி6) 10 மி.கி. சேர்த்துக்கொள்ளுங்கள். கண் நரம்பைப் பாதிக்கக்கூடிய எத்தம்பியூட்டால் நீண்ட நாள் ஓடுவதால் நிறப்பார்வையை ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

முதல் சில வாரங்களில் சீழ் பெரிதாகத் தெரிந்தால் பதறி மருந்தை மாற்றாதீர்கள், எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது அப்படி வருவதுண்டு. நோயாளி தேறுவது முதலில், எம்ஆர்ஐயில் அது தெரிவது பின்னால்தான். வலி, எடை, ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை), கால் பலம் இந்த நான்கும் சரியான பக்கம் போகிறதா என்று பாருங்கள். கால் பலம் மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அன்றைக்கே முதுகு சர்ஜனுக்கு போன் செய்யுங்கள்.