டிரினிட்டி ஆற்றில் வில்லோடு கார் (gar) மீன்: முதல் தடவை போகிறோம், யோசனை வேண்டும்

பொருநைக்கரையான்:
வணக்கம். அமெரிக்காவில் டெக்சாஸ், டாலஸ் பக்கம் மெஸ்கீட்டில் இருக்கிறேன். மே மாதம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து டிரினிட்டி ஆற்றில் வில் வைத்து மீன் பிடிக்கப் போகிறோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான், ஆனால் வில்லைத் தொட்டதே இல்லை. கூட வேலை பார்ப்பவர் ஆறடி அலிகேட்டர் கார் (முதலை மாதிரி மூக்கு நீண்ட பெரிய ஆற்று மீன்) அடித்த படத்தைக் காட்டியதிலிருந்து அதே நினைப்புதான். ராத்திரி லைட் போட்டுப் போகலாம் என்கிறார்கள். எப்படி வில், என்ன அம்பு? அடித்ததைச் சமைக்கலாமா?

வில்லாளி_ஹூஸ்டன்:
தம்பி, ராத்திரிப் பேச்சை முதலில் விடுங்கள். 2019 செப்டம்பரிலிருந்து டாலஸ் ஐ-30 நெடுஞ்சாலைப் பாலம் தொடங்கிக் கீழே ஐ-10 நெடுஞ்சாலைப் பாலம் வரை ஆற்றில் இருட்டிய பிறகு இந்த மீனை வில்லால் அடிக்கத் தடை. 48 அங்குலத்துக்கு மேல் இருந்தால் குலுக்கலில் அனுமதி கிடைத்தவர் மட்டுமே எடுக்கலாம். ஆறடி ஆசை அங்கேயே முடிந்தது. சிறியதும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதையும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தூண்டிலில் மாட்டியதை அளந்து பார்த்துவிட்டு விடலாம். அம்பு பாய்ந்ததை விட முடியாது. அதனால் நாண் இழுக்கும் முன்பே அளவு தெரிய வேண்டும். படகின் விளிம்பில் நாலடிக்கு வெள்ளை டேப் ஒட்டுங்கள். மீன் காற்று குடிக்க மேலே வந்து புரளும்போது (கலங்கல் தண்ணீரில் அந்த ஒரு நொடிதான் தெரியும்) கண் டேப்புக்கும் மீனுக்கும் போய்வர வேண்டும். சந்தேகமா, அம்பை விடாதீர்கள். பெண் மீன் முட்டையிடத் தயாராகவே பத்து வருடம் போல ஆகும், ஐம்பது வருடத்துக்கு மேலும் வாழும். வெள்ளம் புல்வெளிக்குள் ஏறுகிற வருடங்களில்தான் குஞ்சு நிறையப் பிழைக்கும். மே மாதம் முட்டையிடக் கரையோரப் புல்லுக்குள் கிடக்கும் பெரிய மீனை அடிப்பது சுலபம். அதனாலேயே அதை அடிக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதல் நாளுக்குச் சாதாக் கெண்டையை அடியுங்கள். இழுவிசை 40 பவுண்டு உள்ள வில் போதும். அம்பு கனமான ஃபைபர்கிளாஸ், இறகு இருக்காது. கண்ணுக்கு போலரைஸ்டு கண்ணாடி (தண்ணீர் மேல் அடிக்கும் கூச்சத்தைக் குறைப்பது). மீன் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது, அதற்குக் கீழே இருக்கும். என் முதல் காலையில் ஆறு அம்பும் முதுகுக்கு மேலேயே போயின. ஏழாவதை வயிற்றுக்கும் ஒரு சாண் கீழே விட்டேன், அம்பில் கட்டிய கயிறு 'தக்'கென்று இறுகியது.

கயிறு விஷயத்தில் விளையாட வேண்டாம். அம்பின் பின்முனைத் துளையில் நேராகக் கட்டினால் நாணில் சிக்கி, விட்ட அம்பு நம் முகத்துக்கே திரும்பி வரும். அம்பின் மேல் வழுக்கி ஓடும் 'சேஃப்டி ஸ்லைடு' போட்டு, கயிறு எப்போதும் நாணுக்கு முன்னால் கிடக்கும்படி பாருங்கள். என் கூட்டாளி ஒருவனுக்குப் புருவத்தில் நாலு தையல். கண் தப்பியது.

மீன்குழம்பு_மாமி:
கட்டாயம் சொல்ல வேண்டியது: கார் மீன் சினை விஷம். நம் வீட்டில் சினையைப் பார்த்தால் வறுவல் என்றுதான் கை போகும். தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். செதில் ஓடு மாதிரி இருக்கும், அரிவாள்மனையில் ஆகாது. என் வீட்டுக்காரர் தகரம் வெட்டும் கத்தரியால் முதுகைக் கீறித்தான் உரிப்பார். முதுகுச் சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், புட்டுக்கு அருமை. ஆனால் டிரினிட்டி மீனுக்கு டையாக்சின், பிசிபி என்ற நச்சு ரசாயனங்கள் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. நான் வேறு ஆற்று மீனைத்தான் அடுப்பில் ஏற்றுவேன்.

பொருநைக்கரையான்:
அண்ணா, மாமி, நன்றி. சினை விஷயம் சத்தியமாகத் தெரியாது. கெண்டைக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

வில்லாளி_ஹூஸ்டன்:
வேண்டும், நாலு பேருக்கும் தனித்தனியாக. நன்னீருக்கானதைக் கேட்டு வாங்குங்கள். அடித்த கெண்டையைக் கரையில் எறிந்துவிட்டு வராதீர்கள், அதுவும் குற்றம். எனக்குத் தோட்டத்து முருங்கைக்கு உரம்.