பிள்ளைகளின் மனநலச் சிகிச்சைச் செலவு: எந்த அரசு உதவி எதற்குக் கிடைக்கும்?

தென்றல்77:
எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 14 வயது, மனச்சோர்வு. மாத்திரையோடு வாரம் ஒரு கவுன்சலிங். இளையவனுக்கு 6 வயது, ஆட்டிசம். பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) போகிறது. அப்பாவின் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தால் தெரபி பணம் கிடைக்குமா? வேறு என்ன வழி?

வேப்பமரம்:
முதலமைச்சர் அட்டையை நம்பி இறங்காதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்குத்தான் பணம். பிள்ளைகளுக்கான மனநலச் சிகிச்சை பெரும்பாலும் வந்து போகிற சிகிச்சைதான், பெற்றோர் கையைக் கடிப்பதும் அங்கேதான்.

இதில் உதவி எல்லாம் நோயின் பெயரைப் பார்த்துத்தான் வரும். இரண்டு பிள்ளைகளுக்கும் வழி வேறு வேறு.

இளையவனுக்கு நிராமயா. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கு மட்டும். தெரபி பில்லும் வெளிநோயாளி மருந்தும் இதில் வரும், ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் தனி உச்சவரம்பு உண்டு. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் 250. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் கணக்கு, ஜனவரியில் சேர்ந்தால் மூன்றே மாதம். பில்லை வருடக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் அவ்வப்போது அனுப்புங்கள். பில்லில் பிள்ளை பெயர், தேதி, என்ன தெரபி, எத்தனை அமர்வு, தெரபிஸ்ட் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். “மாதக் கட்டணம்” என்று மொத்தமாக எழுதிய ரசீதுதான் முதலில் திரும்பி வரும்.

மனச்சோர்வு நிராமயாவில் வராது. மூத்தவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து இலவசம். மாத்திரை மாறாதபடி, இப்போது சாப்பிடும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். கவுன்சலிங் மட்டும் இப்போதைய இடத்திலேயே தொடரட்டும், மருந்துச் செலவு மிச்சம். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

பனங்காடு:
கம்பெனி காப்பீடு பற்றிச் சொல்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)ன்படி, உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும். “மனநோய் எங்கள் பாலிசியில் இல்லை” என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

பிள்ளையை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், கிளெய்ம் மறுக்கப்படுவது உண்மையில் வேறு இடத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் “மதிப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டார்” என்று ஒரு வரி இருந்தால் போதும். பரிசோதனைக்காக மட்டும் சேர்ப்பதற்குப் பொதுவாகப் பாலிசிகளில் பணம் கிடையாது, விலக்குப் பட்டியலில் எக்ஸ்கிளூஷன் 04 என்று இருக்கும். பிள்ளை சாப்பிட மறுத்ததா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருந்ததா, என்ன மருந்து ஏற்றினார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனை மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார், 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

நிலாமுற்றம்:
மேலே சொன்ன நிராமயாவுக்கு ஊனமுற்றோர் சான்று வேண்டும், யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) விண்ணப்பித்தால் அதிலேயே வரும். ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் இனிஷியல், எழுத்து வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மதிப்பீடு நடக்கும் நாளில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோல், 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 புள்ளி. “பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா?” என்றால் “பார்ப்பான்” என்று சொல்லிவிடுகிறோம். பத்து முறை கூப்பிட்டால் இரண்டு முறைதான் பார்ப்பான், அதுவும் போனில் பாட்டு ஓடினால் பார்க்கவே மாட்டான். அதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நல்லதாக மட்டும் சொன்னால் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு போனால் தடுமாற்றம் இருக்காது.

40 சதவீதம் வந்தால் அப்பாவுக்கு வருமான வரியில் 80டிடி பிரிவின்படி கழிவு 75,000, 80 சதவீதம் என்றால் 1,25,000. இதற்குச் செலவு பில் தேவையில்லை. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். ஆட்டிசத்துக்குப் படிவம் 10-ஐஏ என்ற மருத்துவச் சான்றைத் தனியாக வாங்க வேண்டும். யூடிஐடி மட்டும் வைத்துக் கழிவு போட்டால் நோட்டீஸ் வரும்போது சிக்கல்.

தென்றல்77:
மிக்க நன்றி. மூத்தவளுக்கும் சான்று வாங்கலாமா?

நிலாமுற்றம்:
மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றுதான், வாங்கலாம். ஆனால் அதற்கு ஐடியாஸ் அளவுகோல். தன் வேலையைத் தானே பார்ப்பது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, படிப்பு அல்லது வேலை, நான்குக்கும் 0 முதல் 4. அதோடு நோய் இருக்கும் காலத்துக்குத் தனிப் புள்ளி. மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீதம். இரண்டு வருடத்துக்குள் என்றால் காலத்துக்கு 1 புள்ளிதான். பள்ளிக்குப் போய் வருகிற, சிகிச்சையில் தேறிவருகிற பிள்ளைக்கு 7 வருவது அரிது. இப்போது அவளை அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பதிவு மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த வெளிநோயாளிச் சீட்டுதான் ஆதாரம்.