மாமாவின் கையில் இரைந்த ஈ

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

மாமா இறந்து பதினாறாம் நாள் அடியந்திரம் போன வியாழக்கிழமை முடிந்தது. லீவு கிடைக்கவில்லை, மஸ்கட்டில் இருந்துகொண்டு வீடியோவில்தான் பார்த்தேன். ஆறுதல் சொல்லி எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூன்று பேர் "பாவம், ஏழு வருஷம் நோயில் கிடந்தார்" என்று எழுதியிருந்தீர்கள். மாமா கிடக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போனவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிவைத்ததிலிருந்து நம் பக்கத்தில் தேன்பெட்டி ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. மாமாவின் அப்பா காலத்திலேயே வீட்டில் பெட்டிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தேனீக்களுக்கு 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கிச் செத்தன, ஊர் ஊராகப் பெட்டிகள் காலியாயின. மாமாவுக்கு மிஞ்சியது நான்கே பெட்டி. பலரும் தொழிலை விட்டுவிட்டு ரப்பர் வெட்டப் போனார்கள். மாமா அந்த நான்கையும் பிரித்துப் பிரித்து, பத்து வருஷத்தில் நூறு ஆக்கினார்.

அப்புறம் அவருக்கே நோய் வந்தது. சர்க்கரை கிடையாது, பிரஷர்தான். கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "எந்தெந்த நாள் வரணும்?" திங்கள், புதன், வெள்ளி, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்குப் பெரிய முடை வரவில்லை. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ்தான் ஆளை அடித்துப் போட்டது. அந்த மூன்று நாளும் வந்ததும் படுத்துவிடுவார். செவ்வாய், வியாழன், சனி விடிந்தால் ரப்பர் தோட்டத்தில் நிற்பார். நூறு பெட்டியை முப்பதாகக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சாப்பாடுதான் பெரிய சோதனை. பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் கூடினால் இதயமே நின்றுவிடலாம். நேந்திரம்பழம், மட்டிப்பழம், பலாச்சக்கை, இளநீர் எல்லாம் கூடாது. நம் ஊரில் அதையெல்லாம் விலக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? மரச்சீனிக் கிழங்கை மாமி இரண்டு தடவை வேகவைத்து, வெள்ளத்தை வடித்துக் கொட்டிவிட்டு, சனிக்கிழமை மட்டும் இரண்டு துண்டு தருவார். 2023இல் மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் சந்தோஷமாகப் போன் பண்ணினேன். "நானும் ஒண்ணு வாங்கி மோந்து பாத்தேன் மக்களே, மணம் மாறவேயில்ல" என்றார். தேனில் பொட்டாசியம் குறைவு. காலையில் ஒரு ஸ்பூன் தேனுக்கு மட்டும் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்து நிற்கும். ரத்தம் வேகமாகப் பாய்வதால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். என் மகள் முதல் தடவை அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினாள். மாமா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் காதை அந்த மணிக்கட்டில் வைத்தார். "பெட்டிக்குள்ள ஈ இரையுது, கேக்குதா?" அவள் கண் விரிந்ததை இப்போதும் நினைக்கிறேன். நானும் காதை வைத்துக் கேட்டேன். சத்தியமாக அதே சத்தம். அந்த இரைச்சல் இருக்கிறவரை குழாய் அடைபடவில்லை என்று அர்த்தம். தினமும் காலையில் கையைக் காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் பெட்டிகளைப் பார்க்கப் போவார்.

கடைசியாக நான் பார்த்தது போன மாசி மாதம். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் வந்திருந்தது. மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் கசியும் தேனைத்தான் ஈக்கள் எடுக்கும், பூவில் இல்லை; அதை அன்றைக்குத்தான் மாமா எனக்கு ஒரு கொப்பை வளைத்துக் காட்டினார். இடது கையில் தோர்த்தைச் சுற்றியிருந்தார், ஊசி போடும் இடத்தில் கொட்டிவிடக் கூடாதே என்று. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்பதால் பெட்டி மூடியை நான்தான் தூக்கினேன். கதம்பை (தேங்காய் மட்டை) புகையை ஊதிவிட்டு, தேனடைச் சட்டத்தை வலது கையால் மெதுவாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். நல்ல வெக்கை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து வைத்த வெள்ளம் முழுவதும் சட்டைப்பையில் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. அதை எடுத்து நாக்கை நனைத்துவிட்டு மூடினார்.

இனி ஒரு காரியம். மாமாவின் நோட்டில் ஒரு பக்கம் பெட்டிக் கணக்கு, எதிர்ப்பக்கம் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அவருடைய எடை. பின்னட்டையில் நம் குழுவில் உள்ள பதினொரு பேருடைய பெயரும், யார் யாருக்கு எத்தனை குப்பி தேன் என்பதும் எழுதியிருக்கிறது. பைசா கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று அதில் இல்லை. எல்லோருக்கும் எடுத்து வைத்திருப்பதாக மாமி சொல்லச் சொன்னார். லீவில் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். செவ்வாய், வியாழன், சனியில் போனால் மாமாவின் மகன் தோட்டத்தில் இருப்பான்.