திரைக்கதையை மதிப்பிடப் பழகுபவர் பக்க எண்ணில் தொடங்கலாமா?

மருதன்:
திரைக்கதையை மதிப்பிடப் பழகும் ஒருவர் முதலில் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கத் திரைக்கதைப் பயிற்றாசிரியர் சிட் ஃபீல்ட் 1979-இல் வெளியான தமது நூலில், 120 பக்கத் திரைக்கதையை 30, 60, 30 என மூன்றாகப் பிரித்து, முதல் திருப்பம் 25 முதல் 27-ஆம் பக்கத்துக்குள் வர வேண்டும் என்றார். ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஒரு கதை எங்கே தொய்கிறது என்று புதியவருக்கு விளக்கத் தெரியாதபோது, 40-ஆம் பக்கம் வரை நாயகனுக்குச் சிக்கலே வரவில்லை என்று விரல் வைத்துக் காட்டவாவது இது உதவும்.

செங்கமலம்:
மருதன் அவர்களே, அது ஆங்கிலத் தட்டச்சு வடிவத்துக்கு உரிய கணக்கு. நம் உதவி இயக்குநர்கள் நெடுங்காலமாகத் தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சி விவரமும் வலப்பக்கம் வசனமுமாக எழுதி வந்திருக்கிறார்கள். அந்த வடிவத்துக்கு இந்தப் பக்கக் கணக்கு பொருந்தாது. இடைவேளை வேறு நம் கதைகளை நடுவில் வெட்டுகிறது.

அதைவிட முக்கியமாக, திருப்பம் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்ததாலேயே அது ஏன் வருகிறது என்பது விளங்கிவிடாது. கமல்ஹாசன் எழுதி 1992-இல் வெளியான 'தேவர் மகன்' படத்தையே பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்கலாம் என்று நாயகன் சக்தி எண்ணுகிறான். அவனுடைய ஆள் இசக்கி பூட்டைத் திறக்கிறான். அந்தச் சிறு செயலால் இசக்கி ஒரு கையை இழக்கிறான். பகை முற்றிக் கரை உடைக்கப்படுகிறது, ஊருக்குள் வெள்ளம் புகுகிறது, சக்தியின் தந்தை பெரிய தேவர் பஞ்சாயத்தில் அவமானப்பட்டு இறந்துபோகிறார், ஊரை விட்டுப் போக இருந்தவன் தந்தையின் இடத்தில் அமர நேர்கிறது. பூட்டுக் காட்சியை உருவிவிட்டால் இவற்றில் எதுவும் நிற்காது. ஒரு காட்சியை உருவிப் பார்த்து, பின்னால் எது சரிகிறது என்று கவனிப்பதைத்தான் நான் முதல் பாடமாக வைப்பேன்.

மருதன்:
காரண காரியத் தொடர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் மதிப்பிடுவது திரைக்கதையையா, படத்தையா? சிவாஜி கணேசனின் முகமும் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் சேர்ந்த பிறகு, தாளில் இருந்தது எவ்வளவு என்று பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். கற்பவர் இன்னும் படமாகாத பிரதிகளை வாசித்துப் பழக வேண்டும். அங்கே தாங்கிப் பிடிக்க நடிகர் இல்லை, எழுத்து மட்டுமே இருக்கிறது.

செங்கமலம்:
இதை முழு மனதோடு ஏற்கிறேன். படத்திலிருந்து கற்பவரும் வசனத்தையும் இசையையும் ஒதுக்கி, ஒவ்வொரு காட்சியிலும் யார் எதை விரும்பி உள்ளே வருகிறார், யார் தடுக்கிறார், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். எதுவும் மாறாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் குறித்து வைக்க வேண்டும்.

மருதன்:
அப்படிக் காட்சி காட்சியாகவே வாசித்தால் முழு உருவம் கண்ணில் படாமல் போகும். அதே படத்தில் சக்தி ரயிலில் வந்து இறங்குகிறான். கடைசியிலும் ரயிலில்தான் போகிறான். இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே இது புலப்படும். அதற்கு அமைப்பு குறித்த பயிற்சி வேண்டும்.

செங்கமலம்:
புலப்படும், ஐயா. ஆனால் அந்த இரண்டாவது ரயில் நெஞ்சை அடைப்பது, திரும்பிப் போகும் எண்ணத்தோடு ஊருக்கு வந்தவன் இப்போது கைதியாகப் போகிறான் என்பதால். அவன் என்ன விரும்பி வந்தான் என்று முதல் காட்சியிலேயே குறித்து வைக்காதவருக்கு அது வெறும் ரயில்தான்.