தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கலாமா? 32ஆவது வாரம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்

மனைவிக்கு 32ஆவது வாரம், முதல் பிரசவம். தொப்புள்கொடி ரத்தத்தை 75 வருஷம் பாதுகாத்துத் தருவதாக ஒரு தனியார் வங்கியின் பிரதிநிதி சொல்கிறார். 65,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். 80க்கும் மேற்பட்ட நோய்களுக்கு உதவும், பிள்ளைக்கு இது ஒரு காப்பீடு என்கிறார். கொடியின் திசுவையும் சேர்த்தால் இன்னும் 20,000. எங்கள் இரண்டு வீட்டிலும் ரத்த நோய் யாருக்கும் இல்லை. அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். கடைசிப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் 9.6, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 70. சேமிப்பதா, வேண்டாமா? சேமிப்பதென்றால் எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடணும்?

மஜ்ஜைப் பிரிவு

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதைவிட அவசரமானது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த எம்.சி.வி. 70. சிவப்பணு இப்படிச் சிறுத்திருக்கக் காரணம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய், அதன் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் இதே மாதிரிதான் ரிப்போர்ட் வரும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவைப் பாருங்கள், கூடவே உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் தலசீமியாவைச் சந்தேகப்பட வேண்டும். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் ஏ2 அளவு கீழே இறங்கி ஏமாற்றும், அதனால்தான் ஃபெரிட்டினையும் சேர்த்துக் கேட்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்பதால் மனைவிக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். நீங்களும் சேர்ந்தே கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்கும் நோய் இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சுமப்பவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது.

இனி அந்த 80 நோய்கள். ரத்த ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல், கொடி ரத்தத்திலும் இருக்கும்) மாற்று சிகிச்சை செய்யப்படும் நோய்களின் பட்டியல் அது. பெரும்பாலும் வேறொருவரின் செல்லைத்தான் அதில் கொடுக்கிறோம். தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளையின் கொடி ரத்தத்தில் அதே பழுதுதான் இருக்கும், அதைத் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோயிலும், நோய்க்கு வித்தான செல்கள் பிறக்கும்போதே ரத்தத்தில் இருப்பது பல பிள்ளைகளிடம் பார்க்கப்பட்டிருக்கிறது. 1988இல் பாரிஸில் நடந்த உலகின் முதல் கொடி ரத்த மாற்றே, பிறந்த தங்கையின் ரத்தத்தை அண்ணனுக்குக் கொடுத்ததுதான்.

அளவையும் கணக்குப் போடுங்கள். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 2.5 முதல் 3 கோடி உட்கரு செல்கள் (உட்கரு உள்ள ரத்த செல்கள்) தேவை. கொடி ரத்தத்தில் மில்லிக்குத் தோராயமாக 1 கோடி இருக்கும். 80 மில்லி கிடைத்தால் 80 கோடி, பதப்படுத்துவதில் கொஞ்சம் போகும். 25 கிலோ பிள்ளைக்கே இழுபறி. 60 கிலோ ஆளுக்கு 150 கோடிக்குக் குறையாமல் வேண்டும். அப்புறம் 75 வருஷம் யாருக்காக?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும், இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2018 அறிக்கையும், சொந்த உபயோகத்துக்கென்று தனியாரிடம் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளை தலசீமியா மாதிரி நோயோடு இருந்து, அடுத்த பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் மட்டும் கதை வேறு.

லேபர் வார்டு சிஸ்டர்

ரத்தம் எடுக்கும் விதத்தைச் சொன்னால் இன்னொன்றும் புரியும். குழந்தை பிறந்து கொடியில் கிளாம்ப் போட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் தங்கியிருக்கும் ரத்தத்தைத்தான் எடுக்கிறோம். கொடியைக் கிருமிநாசினியால் நன்றாகத் துடைத்து, கிளாம்புக்குப் பக்கத்திலேயே முதல் ஊசியைப் போடணும். சிரை நழுவினால் நஞ்சுக்கொடிப் பக்கமாக மேலே நகர்ந்து இன்னொரு இடத்தில் குத்த இடமிருக்கும், மேலேயே ஆரம்பித்துவிட்டால் அது கிடையாது. கொடியிலுள்ள மூன்று ரத்தக்குழாய்களில் பெரியதாக, மெல்லிய சுவரோடு இருப்பதுதான் சிரை. பையைத் தாழ்த்திப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். உறையாமல் இருக்கப் பையில் சி.பி.டி. திரவம் இருக்கிறது. இறங்க இறங்கப் பையை மெதுவாக ஆட்டிக் கலக்காவிட்டால் கட்டி கட்டியாக உறைந்து மொத்தமும் வீண். கொடி வெளுத்துச் சப்பையானால் முடிந்தது.

இப்போது யோசியுங்கள். குறைந்தது 1 நிமிடமாவது பொறுத்துத்தான் கிளாம்ப் போடணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நேரத்தில் குழந்தைக்குப் போகிற ரத்தமும் பைக்கு வேண்டிய ரத்தமும் ஒன்றேதான். பை நிறையணும் என்று அவசரமாகக் கிளாம்ப் போட்டால் நஷ்டம் குழந்தைக்கு. அம்மாவுக்கு 9.6 என்றால், பிள்ளைக்கு முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து சேர அந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம். சேமித்தாலும் சரி, விட்டாலும் சரி, தாமதித்துக் கிளாம்ப் போடச் சொல்லி டாக்டரிடம் இப்போதே பேசிவையுங்கள். கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

அப்படியும் சேமிப்பதென்றால், எடுத்த பையை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, ஐஸ் போடக் கூடாது. அறை வெப்பத்தில் போகணும், பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பதப்படுத்தணும். வெயிலில் நிற்கும் காருக்குள் வங்கி தரும் சேகரிப்புக் கிட்டை விட்டுவிடாதீர்கள். அம்மாவின் ரத்தமும் தொற்றுப் பரிசோதனைக்குக் கட்டாயம் போகும்.

பத்திரம் படிப்பவன்

கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கொடித் திசுவுக்கான 20,000ஐ முதலில் அடித்துவிடுங்கள். நம் நாட்டில் வங்கிச் சேமிப்புக்கு அனுமதி கொடி ரத்தத்துக்கு மட்டும்தான், திசுவுக்கு ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலில் இடமில்லை.

ரத்தத்துக்கான ஒப்பந்தத்தில் சொன்ன விலைக்குள் ஜி.எஸ்.டி. அடங்குமா என்று பாருங்கள். கொடி ரத்த வங்கிகளுக்கு இருந்த வரி விலக்கை 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, எத்தனை மில்லிக்குக் கீழே வந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், மொத்த உட்கரு செல் எண்ணிக்கையும் சி.டி.34 (ஸ்டெம் செல்லின் அடையாளம்) எண்ணிக்கையும் உயிரோடிருக்கும் செல்களின் சதவீதமும் எழுத்தில் வருமா, கிருமித் தொற்று இருந்தால் என்ன செய்வார்கள், நிறுவனம் மூடினால் பை யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்ற சான்றிதழுக்கு மதிப்பே இல்லை. சேதமானால் இழப்பீடு எவ்வளவு என்ற பத்தியையும் விடாமல் படியுங்கள். சிங்கப்பூரில் 2023 இறுதியில் ஒரு தனியார் வங்கியின் குளிர்த்தொட்டிகளில் வெப்பம் ஏறி, ஏறத்தாழ 2,200 வாடிக்கையாளர்களின் ரத்தம் கெட்டுப்போனதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே அறிவித்தது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி என்று விளம்பரத்தில் இருந்தால் போதாது, தொட்டியை யார் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஈரோட்டுக்காரன்

மூவருக்கும் நன்றி. நாளைக்கே ரெண்டு பேரும் ஹெச்.பி.எல்.சி.க்குக் கொடுக்கிறோம். ஒருவேளை ரெண்டு பேருமே சுமப்பவர்கள் என்று வந்தால், அப்போதாவது சேமிக்கணுமா?

மஜ்ஜைப் பிரிவு

இந்தப் பிள்ளைக்காக என்றால் அப்போதும் வேண்டாம். 25 சதவீதம் நோயோடு பிறக்க வாய்ப்பு, அப்படிப் பிறந்தால் இதே ரத்தம் உதவாது என்று பார்த்தோம். ஆனால் கொடி ரத்தத்தில் 2, 3 மில்லி மட்டும் ஊதா மூடிக் குழாயில் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கு உங்கள் இருவரின் மரபணு மாற்றம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், எனவே பிரசவத்துக்கு முன்பே அதை முடியுங்கள். பிறந்தவுடன் ஹெச்.பி.எல்.சி. மட்டும் எடுத்து நிம்மதியாகிவிடாதீர்கள். அப்போது குழந்தையிடம் இருப்பது பெரும்பாலும் கருக்கால ஹீமோகுளோபின், பீட்டா தலசீமியா அதில் பிடிபடாமல் போகலாம். 1 வயதில் மறுபடியும் பார்க்கணும்.

பிள்ளைக்கு நோய் என்று உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் திசுவில் கொஞ்சம் எடுத்துச் சிசுவின் மரபணுவைப் பார்க்கும் நஞ்சுத் திசுச் சோதனை செய்துகொள்ளலாம். அந்தச் சிசு நோயில்லாததாகவும் ஹெச்.எல்.ஏ. (மாற்று செல்லை உடல் ஏற்குமா என்பதைத் தீர்மானிக்கும் திசு வகை) பொருத்தம் உள்ளதாகவும் இருந்தால் அதன் கொடி ரத்தத்தைச் சேமியுங்கள். முழுப் பொருத்தத்துக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அதையும் மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையிடம் கேட்டுத்தான் செய்யணும், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே பிரிவு உண்டு. பையில் செல் குறைந்தாலும் பதற வேண்டாம், அந்தப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு அதன் எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுக்கலாம்.

ரிசல்ட் வந்ததும் ஏ2, ஃபெரிட்டின் ரெண்டையும் இங்கே போடுங்கள்.