முதல் குயில்ட்: கட்டங்கள் ஒரே அளவில் வரவில்லை, அடித்துணியும் மடிகிறது

வணக்கம். என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா கட்டிப் பழகிய நான்கு பருத்திச் சேலைகளைக் கொண்டு குழந்தைக்கு ஒரு குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) தைத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், பாவாடையும் தலையணை உறையும் தவிர வேறு எதுவும் தைத்திராத நான், காணொளிகளைப் பார்த்து இந்த வேலையில் இறங்கினேன். 2½ அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒன்பது சதுரங்களை இணைத்து ஒரு கட்டம் என்ற கணக்கில் இருபது கட்டங்களைத் தைத்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு கட்டமும் 6½ அங்குலம் வர வேண்டும். எனக்கோ 6 அங்குலத்திலிருந்து 6⅜ அங்குலம் வரை விதவிதமாக வந்திருக்கிறது.

இது போதாதென்று, இரண்டு கட்டங்களை மட்டும் இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் சேலைத் துணியும் வைத்து ஒத்திகையாகத் தைத்துப் பார்த்தபோது, மேல்பக்கம் ஒழுங்காக இருக்க, அடித்துணி மட்டும் ஆங்காங்கே மடிந்து தையலுக்குள் மாட்டிக்கொண்டது. என்னுடையது காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரம். தவறு இயந்திரத்திலா, துணியிலா, என் கையிலா என்று தெரியவில்லை. அம்மாவின் சேலை என்பதால் வீணாக்கவும் மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரி, முதலில் கட்டத்தின் அளவைப் பார்ப்போம். மூன்று சதுரங்களின் மொத்த அகலம் 7½ அங்குலம். நடுவில் இரண்டு தையல்கள். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போனால் மொத்தம் 1 அங்குலம் குறைந்து 6½ அங்குலம் நிற்கும். தையல் அரைக்கால் அங்குலம், அதாவது தச்சர்கள் கணக்கில் ஒரு நூல், தள்ளி விழுந்தால் இரண்டு தையல்களிலும் சேர்த்து அரை அங்குலம் போய்விடும். உங்களுடைய 6 அங்குலக் கட்டத்தில் நடந்திருப்பது இதுதான். ரவிக்கைத் தையலில் ஒரு நூல் முன்பின் ஆனால் பிரித்துச் சரிசெய்து கொள்ளலாம். ஆனால் குயில்டில் அந்தப் பிழை கட்டத்துக்குக் கட்டம் பெருகிக்கொண்டே போகும்.

துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் விளிம்பைப் பார்த்துத் தைத்தீர்கள் என்று நினைக்கிறேன். அந்த விளிம்பு ஊசியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு ஸ்கேலை ஃபுட்டின் அடியில் வைத்து, ஊசியைக் கையால் மெல்ல இறக்கி அதன் நுனி கால் அங்குலக் கோட்டைத் தொடும்படி நிறுத்தி, ஸ்கேலின் விளிம்பை ஒட்டித் தட்டின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். துணியை நகர்த்தும் பற்களின்மேல் டேப் படக் கூடாது.

பிறகு 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். சற்றுக் குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். துணி மடியும் இடத்திலும் கொஞ்சம் அளவு போய்விடுவதால், தையல் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாக இருப்பதே சரி. இந்தச் சோதனையை முடிக்காமல் நான் ஒரு சதுரத்தைக்கூட வெட்டுவதில்லை.

மறுமொழி 2

துணியும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பலமுறை துவைத்த சேலை மிகவும் இளகியிருக்கும். வெட்டும்போது ஓர் அளவு இருக்கும், தைக்கும்போது இழுபட்டு வேறு அளவாகிவிடும். வெட்டுவதற்கு முன் சேலைக்குச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். துணி காகிதம் போல நிற்கும். இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல், வைத்து அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் சதுரம் சாய்ந்துவிடும்.

அடித்துணி மடிவதற்குக் காரணம் மூன்று அடுக்குகளும் ஒன்றாக நகராததே. அடித்துணியைத் தரையில் விரித்து, முறுக்கேறாமல், சுருக்கம் மட்டும் நீங்கும் அளவுக்கு இழுத்து, ஓரங்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் கட்டங்கள். பின்பு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திக்கொண்டு போக வேண்டும். தைக்கும்போதும் நடுவில்தான் தொடங்க வேண்டும். குழந்தைக்கான பொருள் என்பதால், ஊக்குகளை எண்ணிக் குத்தி, எண்ணி எடுங்கள்.

கேட்டவர்

மூன்று பட்டைச் சோதனையைச் செய்து பார்த்தேன். நடுப்பட்டை முக்கால் அங்குலம்தான் இருந்தது. டேப்பை ஒட்டி இரண்டு முறை நகர்த்திய பிறகு 1 அங்குலம் சரியாக வந்தது. ஏற்கெனவே தைத்த இருபது கட்டங்களையும் பிரித்தால் சேலைத் துணி தாங்காது என்று அஞ்சுகிறேன். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரிகிறது.

மறுமொழி 3

பிரிக்க வேண்டாம் அம்மா. எல்லாவற்றையும் 6 அங்குலமாக ஓரம் நறுக்கிவிட்டு, கட்டங்களுக்கு இடையே 2 அங்குல அகலத்தில் வேறொரு துணிப்பட்டையைக் கொடுத்து இணையுங்கள். பட்டை குறுக்கே வந்துவிட்டால் ஒரு கட்டத்தின் தையல் அடுத்த கட்டத்தின் தையலோடு நேருக்கு நேர் சேர வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பட்டைக்குப் புதுத் துணி எடுத்தால், முதலில் துவைத்துக் காயவையுங்கள். சேலை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. புதுப் பருத்தி முதல் சலவையில்தான் சுருங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவு பிசகாத சதுரங்களில்தான் குயில்ட் கற்கத் தொடங்க வேண்டும் என்பதில்லை. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் குயில்டுக்கு ஸ்கேலும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கிழிந்த துணித் துண்டுகளின் ஓரத்தை மடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டபடியே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணியால் முக்கோணப் பூக்களை வைப்பார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கிக் கையால் ஓட்டுத் தையல் போடுவதுதான். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தவர்களும் உண்டு.

உங்கள் ஒத்திகைத் துண்டை வீணாக்காமல், அதில் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பாருங்கள். இடது கை விரல் அடித்துணிக்குக் கீழே இருக்கட்டும். ஊசி நுனி விரலில் இலேசாகத் தட்டுப்பட்டதும் மேலே திருப்புங்கள். அடித்துணி மடிந்தால் விரல் அந்தக் கணமே உணர்ந்துவிடும். இயந்திரத்தில் தைக்கும்போது, திருப்பிப் பார்த்த பிறகுதான் அது தெரிகிறது. கட்டங்களை இயந்திரத்தில் இணைத்து, அடுக்குகளை மட்டும் கையால் தைத்தாலும் குழந்தைக்கான சிறிய அளவுக்கு அது பெரிய வேலையாகாது.

மறுமொழி 1

கையால் தைப்பதை நானும் ஆதரிக்கிறேன். சேலைகளில் சிவப்போ கருநீலமோ இருந்தால், வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால், அந்தச் சேலையில் வெட்டிய சதுரங்கள் உள்ள கட்டங்களைத் தனியே எடுத்து வையுங்கள். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருளில் அவை வேண்டாம். மீதமுள்ள துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நெடுநாள் மடித்து வைத்ததால் இற்றுப்போன மடிப்புக் கோடுகளை விலக்கி வெட்டி, குறைகிற கட்டங்களைப் புதிய டேப் அளவில் தைத்து, அவற்றையும் 6 அங்குலமாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.