பேர்ல் படமும் ஹோவர்டும்: எங்க குடும்பக் குழுவுல ஒரு ராத்திரி

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

கார்த்தி: பேர்ல் பாத்து முடிச்சாச்சு. தூக்கம் போச்சு. யாராவது முழிச்சிருக்கீங்களா?

திவ்யா: நான் இருக்கேன். 2022ல வந்த படம், இப்பத்தான் பாக்குறியா?

கார்த்தி: ஆமாக்கா. போன வாரம் எக்ஸ்னு ஒரு படம் பாத்தேன். அதுல வர்ற கிழவியோட இளவயசுக் கதைன்னாங்க, உக்காந்துட்டேன்.

சரஸ்வதி அத்தை: என்ன படம்லே? பேய்ப் படமா?

கார்த்தி: பேய் இல்ல அத்தை, கொலைகாரி. எக்ஸ் கதை 1979ல நடக்குது. டெக்சாஸ்ல ஒரு பண்ணை. படம் புடிக்க ஒரு கூட்டம் வந்து வாடகைக்குத் தங்குது. அங்க இருக்குற கிழவனும் கிழவியும் வந்தவங்களை ஒவ்வொருத்தரா தீத்துக்கட்டுறாங்க. பேர்ல் அதுக்கு முந்தின கதை, 1918.

முருகேசன் மாமா: என்ன படம் புடிக்க வந்தாவ?

கார்த்தி: மாமா, அது குடும்பக் குழுவுல சொல்ற மாதிரி இல்ல

திவ்யா: ஹாஹாஹா

சரஸ்வதி அத்தை: அவுங்களை விடு. அந்தப் பிள்ளை ஏன் இப்படி ஆனா?

கார்த்தி: புருஷன் ஹோவர்ட் முதல் உலகப் போருக்குப் போயிட்டான். ஊர் முழுக்க ஸ்பானிஷ் ஃப்ளூ, வெளிய போனா முகத்துல துணி. அப்பா கைகால் விழுந்து சக்கர நாற்காலியில. அம்மா ஜெர்மன்காரி, சிரிச்சுப் பேசவே மாட்டா. சண்டையே ஜெர்மனியோடதான், அப்போ ஊர்ல இவங்க நிலைமையை யோசிச்சுக்கோங்க. இவளுக்கு சினிமாவுல ஆடணும்னு வெறி. அப்பாவுக்கு மருந்து வாங்குற சாக்குல தியேட்டருக்குப் போயிடுவா.

திவ்யா: அந்தத் தியேட்டர் ஆபரேட்டரா வர்றவன்தான் 2025 சூப்பர்மேன். டேவிட் கோரன்ஸ்வெட்.

சரஸ்வதி அத்தை: பாவம்லா அந்தப் பிள்ளை

திவ்யா: இருங்க அத்தை. படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே வைக்கோல் அள்ளுற கம்பியால ஒரு வாத்தைக் குத்தி, குளத்து முதலைக்குப் போடுவா. அதுக்கும் அம்மா கண்டிப்புதான் காரணமா?

கார்த்தி: அதான்க்கா எனக்குப் புடிச்சது. கஷ்டம் எல்லாத்தையும் காட்டுறாங்க, ஆனா அதனாலதான் கொன்னான்னு எங்கயும் சொல்லல. 1978ல வந்த ஹாலோவீன் படத்துல கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் 6 வயசுல அக்காவைக் குத்திட்டு வாசல்ல பேந்தப் பேந்த நிப்பான். ஏன்னு யாருக்கும் தெரியாது. 2007ல டைரக்டர் ராப் ஸாம்பி அதை மறுபடி எடுத்தப்போ வீட்டுச் சண்டை, பள்ளிக்கூடக் கேலின்னு அவன் சின்ன வயசை நீட்டி முழக்கினார். எனக்கு பயமே போயிருச்சு.

திவ்யா: எனக்கு அதுதான் புடிக்கும். சண்டைக்கு வராத.

முருகேசன் மாமா: டிரெய்லர் இப்பத்தான் பாத்தேன். என்னலே பச்சையும் செவப்புமா பளபளன்னு இருக்கு. திகில் படம்னா இருட்டா இருக்க வேண்டாமா?

கார்த்தி: பழைய டெக்னிகலர் படம் மாதிரி வேணும்னே எடுத்தது மாமா. கொரோனா நேரத்துல எக்ஸ் எடுக்க நியூசிலாந்து போனாங்க. தனிமைப்படுத்தி வச்சிருந்தப்போ டைரக்டர் டை வெஸ்ட்டும் பேர்லா நடிச்ச மியா கோத்தும் பேசிப் பேசி எழுதினதுதான் பேர்ல். எக்ஸ் முடிஞ்ச கையோட அதே பண்ணையில இதையும் எடுத்துட்டாங்க.

திவ்யா: எக்ஸ்ல கதாநாயகியும் மியா கோத், மேக்கப் போட்ட கிழவியும் மியா கோத்

முருகேசன் மாமா: டபுள் ஆக்ட்னு சொல்லு

சரஸ்வதி அத்தை: அந்தப் புருஷன் என்ன ஆனான்? சண்டையில செத்துட்டானா?

கார்த்தி: முடிவைச் சொல்லவா?

சரஸ்வதி அத்தை: நான் இதெல்லாம் பாக்கவே மாட்டேன். சொல்லு.

கார்த்தி: திரும்பி வர்றான். சாப்பாட்டு மேசையில மாமனார், மாமியார் பொணம். நடுவுல புழு வச்ச பன்னி. அவ வந்து சிரிக்கிறா. கடைசியில பேர் ஓடுறப்போவும் அந்தச் சிரிப்பை விடல. கண்ணுல தண்ணி வருது, வாய் நடுங்குது, சிரிப்பு மட்டும் அப்படியே நிக்குது. டைரக்டர் கட் சொல்லாமலே விட்டிருக்கார்.

திவ்யா: அதுக்கு முன்னாடி நாத்தனார்கிட்ட மனசுல உள்ளதெல்லாம் கொட்டுவாளே, ஹோவர்டே எதிர்ல இருக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு. பல நிமிஷம் கேமரா அவ மூஞ்சியை விட்டு அசையாது. படத்துலயே அதுதான் உசத்தி.

சரஸ்வதி அத்தை: நாத்தனார் கேட்டுட்டு என்ன சொன்னா?

கார்த்தி: கோடாலியால வெட்டிட்டா அத்தை

கார்த்தி அம்மா: நான் எதுவும் பேசல மதினி

முருகேசன் மாமா: ஹாஹாஹா

சரஸ்வதி அத்தை: சிரிக்காதீங்க. ஏலே கார்த்தி, 1979ல அவகூட ஒரு கிழவன் இருந்தான்னு சொன்னியே, அவன் யாரு?

கார்த்தி: அதே ஹோவர்ட்தான்

சரஸ்வதி அத்தை: கூடப் பொறந்தவளை வெட்டினவகூடயா? 61 வருசமா?

சரஸ்வதி அத்தை: அவ கதையில என்ன இருக்கு. இவன் கதையத்தான எடுத்திருக்கணும்

திவ்யா: அத்தை!!! எனக்கு இது தோணவே இல்ல

முருகேசன் மாமா: போர்ல எத்தனை பொணத்தைப் பாத்தானோ. மரத்துப் போயிருப்பான்.

சரஸ்வதி அத்தை: மரத்துப் போனவன் சும்மா கெடப்பான். இவன் கூடச் சேந்து கொல்லவும்லா செய்யுதான்

கார்த்தி: ஆமா அத்தை, எக்ஸ்ல துப்பாக்கி அவன் கையிலதான். நடுவுல உள்ள 61 வருஷத்தை யாரும் தொடல. 2024ல மூணாவதா மேக்சின் வந்துச்சு. அது 1985 ஹாலிவுட், பண்ணையில தப்பிச்ச பொண்ணோட கதை.

முருகேசன் மாமா: ரெண்டுல எதை மொதல்ல பாக்கணும்?

திவ்யா: எக்ஸ் மாமா. வெளியான வரிசையிலயே பாருங்க.

சரஸ்வதி அத்தை: வேண்டாம், பேர்ல் மொதல்ல பாருங்க. அப்பத்தான் அந்தக் கிழவன் வந்து நின்னதும் அவன் யாருன்னு தெரியும்.

முருகேசன் மாமா: பாக்கவே மாட்டேன்னு சொன்ன ஆளு வரிசை சொல்லுதா

சரஸ்வதி அத்தை: போட்டா கூப்பிடுங்க. லைட்டை அணைக்கக் கூடாது.